உப்பு, ரொட்டி, கொஞ்சம் விறகு: வாசகர் கேள்வி – பதில்

உக்ரைனில் கார்கிவ் நகரத்துப் பக்கம் ஒரு நிவாரணக் கிடங்கில் இரண்டு குளிர்காலம் (2022–23, 2023–24) வேலை பார்த்ததைப் பற்றிச் சென்ற இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். யார் ஜெயிப்பார்கள், எப்போது முடியும் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், எனக்குத் தெரிந்தது பெட்டி, வேன், பனி, சேறு. அவ்வளவுதான்.

உக்ரைன் உலகத்துக்கே கோதுமை விற்கிற நாடு. அங்கே போய்ச் சாப்பாட்டுப் பெட்டி கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையாக இல்லையா? (வாசகி, கோவில்பட்டி)

பழமொழி பொருத்தம்தான், ஆனால் கொல்லன் தெருவில் இப்போது குண்டு விழுகிறது. 2021-ல் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் வாங்கிய கோதுமையில் பாதிக்கு மேல் உக்ரைனிலிருந்து வந்தது. யேமனுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போய்க்கொண்டிருந்த தானியம் அது. ரஷ்யா படையெடுத்த 2022 பிப்ரவரி 24-க்கு அப்புறம் அதே அமைப்பு அதே நாட்டுக்குள் வந்து பெட்டி சுமக்க வேண்டியதாகிவிட்டது.

நாட்டில் சாப்பாடு தீர்ந்துபோகவில்லை. மேற்கே லிவிவ் நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டில் வாழைப்பழம்கூடக் கிடைக்கும். சண்டைக் கோட்டிலிருந்து இருபது, முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற கிராமத்தில்தான் கதை வேறு. கடைக்காரர் பூட்டிக்கொண்டு போய்விட்டார், பேருந்து நின்றுவிட்டது, பணம் எடுக்கிற மெஷின் கரண்ட் இல்லாமல் செத்துக் கிடக்கிறது, பக்கத்து ஊருக்குப் போகிற பாலம் ஆற்றுக்குள் கிடக்கிறது, மிச்சம் இருப்பவர்கள் எழுபது வயசுக்காரர்கள். அவர்கள் வீட்டுக்கு நாலு மைல் தள்ளிக் கோதுமை வயல் இருந்து என்ன பயன்? அந்த வயலிலும் கண்ணிவெடி.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பெட்டிக்குள் போகிற சாமானில் பெரும்பகுதி உக்ரைனிலேயே வாங்குவது. ரொட்டியும் அப்படித்தான், சண்டைக்கு அருகில் இன்னும் அடுப்பு எரிகிற பேக்கரிக்கு ஆர்டர் கொடுத்து வாங்குவார்கள். அந்த ஆர்டர் இல்லையென்றால் பேக்கரியும் மூடிவிடும், அங்கே வேலை பார்க்கிற நாலு பெண்களும் ஊரை விட்டுப் போய்விடுவார்கள். கப்பலில் எங்கிருந்தோ மாவு கொண்டுவந்து இறக்குவதைவிட இது எனக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது.

அந்தப் பெட்டியில் என்னதான் இருக்கும்? ஒரு மாதம் ஓடுமா? (பலர்)

மாவு அல்லது மக்ரோனி, ஓட்ஸ், டின்னில் அடைத்த இறைச்சி, டின் பீன்ஸ், சூரியகாந்தி எண்ணெய், சர்க்கரை, உப்பு. இது மாதிரிதான், அமைப்புக்கு அமைப்பு கொஞ்சம் மாறும். முப்பது நாளுக்கு என்று கணக்குப் போட்டு அடுக்குவார்கள். இந்தக் கணக்குக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது, ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி. உலகம் முழுக்க நிவாரண வேலையில் இதைத்தான் அடிப்படையாக வைக்கிறார்கள். ஆனால் அது சராசரிக் கணக்கு. மைனஸ் பதினைந்தில், சூடு இல்லாத வீட்டில், விறகு பிளந்து கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஆளுக்கு உடம்பு கேட்பது அதிகம்.

அங்கத்திய ஆட்கள் முதலில் கேட்பது ஹ்ரெச்கா. ஆங்கிலத்தில் பக்வீட் என்பார்கள், பெயரில் வீட் இருந்தாலும் கோதுமைக்கும் அதற்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. நமக்குப் புழுங்கலரிசி எப்படியோ அவர்களுக்கு அது. ஹ்ரெச்கா இருக்கிற பெட்டி வந்தால் முகம் மலரும், ஓட்ஸ் மட்டும் வந்தால் "சரி, கொடுங்கள்" என்று வாங்கிக்கொள்வார்கள்.

அப்புறம் உப்பு. டொனெட்ஸ்க் பகுதியில் சொலெடார் என்று ஓர் ஊர், பெயரிலேயே உப்பு இருக்கிறது. நாட்டு உப்பில் பெரும்பகுதி அந்தச் சுரங்கத்திலிருந்துதான் வந்தது. 2022 வசந்தத்தில் சண்டை அங்கே நெருங்கியதும் சுரங்கம் நின்றுவிட்டது, ஊர் முழுக்க உப்புக்கு அடிபிடி. 2023 ஜனவரியில் ஊரே ரஷ்யர்கள் கைக்குப் போனது. ஒரு கிராமத்துப் பாட்டி எங்கள் பெட்டியைத் திறந்ததும் இறைச்சி டின்னையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு உப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தார், நகைக்கடையில் தாலிச் சரட்டை எடை பார்க்கிற மாதிரி. உப்பு இல்லாமல் தக்காளியும் வெள்ளரியும் ஜாடியில் போட முடியாது, ஜாடி போடவில்லையென்றால் அடுத்த குளிர்காலத்துக்குக் காய்கறி கிடையாது. இந்தக் கணக்கு எங்கள் கிடங்கில் யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம்தான் ஒரு கிலோ உப்பு கூடுதலாகப் போட ஆரம்பித்தோம்.

குளிர் என்றால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே, சாப்பாட்டுக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம்? (கல்லூரி மாணவர், ராமநாதபுரம்)

தம்பி, ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், தப்பில்லை. நானும் அப்படித்தான் போனேன்.

2022 அக்டோபர் 10-லிருந்து ரஷ்யா மின்நிலையங்களையும் துணை மின்நிலையங்களையும் வரிசையாக அடிக்க ஆரம்பித்தது. கரண்ட் போனால் அங்கே லைட் மட்டும் போவதில்லை. தண்ணீர் மோட்டார் நிற்கும், மின்சார அடுப்பு நிற்கும், நகரம் முழுக்கக் குழாய் வழியாக வருகிற வெந்நீர்ச் சூடு நிற்கும், லிஃப்ட் நிற்கும். கார்கிவ் நகரத்தின் வடக்கே சால்திவ்கா என்று ஒரு குடியிருப்பு, சோவியத் காலத்து ஒன்பது மாடி, பதினாறு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். போரின் முதல் மாதங்களில் செமத்தியாக அடிவாங்கிய இடம். அங்கே ஒன்பதாவது மாடியில் ஒரு முழங்கால் வலிக்காரர் இருக்கிறார் என்று வையுங்கள். பெட்டி கீழே வந்து இறங்கியதாக எங்கள் தாளில் டிக் விழுந்துவிடும். அவருக்கு அது போய்ச் சேர்ந்ததா? யாராவது இளவட்டம் பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தோளில் வைத்து ஏறினால்தான் சேர்ந்தது. ஏறிப் போய்க் கொடுத்தாலும் உள்ளே இருப்பது பச்சை மக்ரோனி. அடுப்பு இல்லை, தண்ணீர் இல்லை. பச்சை மக்ரோனியை யார் தின்பது?

அதனால் குளிர்காலத்தில் சாப்பாட்டு உதவி என்றால் விறகும் சேர்ந்ததுதான். கிராமத்து வீடுகளுக்கு விறகு, அழுத்திச் செய்த மரத்தூள் கட்டி, நிலக்கரி இதெல்லாம் போகும். புர்ஜுய்கா என்று ஒரு தகர அடுப்பு, வயிறு உப்பிய சின்ன இரும்புப் பெட்டி, மேலே கெட்டில் வைக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து கை காயலாம். ஊருக்கு ஊர் வெல்டிங் கடைகளில் இதைச் செய்து தள்ளினார்கள். காட்டில் விறகுக்குப் பஞ்சமே இல்லை, கண்ணெதிரே பைன் காடு. ஆனால் இசியும் என்கிற ஊர்ப் பக்கத்துக் காடெல்லாம் கண்ணிவெடி, விறகு பொறுக்கப் போய்க் கால் போனவர்கள் உண்டு. காட்டுக்கு நடுவே குடியிருந்துகொண்டு லாரியில் விறகு வரக் காத்திருப்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

பதுங்குகுழி மெழுகுவர்த்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலி டின் எடுத்து, அட்டைப்பெட்டியை டின் உயரத்துக்குக் கீற்றாக வெட்டி, நத்தை ஓடு மாதிரி சுருட்டி உள்ளே செருகி, உருக்கின மெழுகை ஊற்றுவார்கள். நடுவில் ஓர் அட்டைத் துண்டு திரியாக நீட்டிக்கொண்டிருக்கும். பள்ளிப் பிள்ளைகளிலிருந்து பாட்டிகள்வரை உட்கார்ந்து செய்து போர்முனைக்கு அனுப்பினார்கள், வீடுகளிலும் வைத்துக்கொண்டார்கள். மணிக்கணக்கில் எரியும், ஒரு டம்ளர் தண்ணீர் சுட வைக்கலாம். எங்கள் பெட்டியிலிருந்து காலியான பீன்ஸ் டின்னும் பெட்டியின் அட்டையுமே அடுத்த வாரம் அடுப்பாகிவிடும், எதுவும் வீணாகாது.

உக்ரைனின் சுமி நகரத்தில் நம் பிள்ளைகள் பனியை உருக்கிக் குடித்ததாகச் செய்தி வந்ததே, உண்மையா? (வாசகர், தஞ்சாவூர்)

உண்மை. 2022 மார்ச் முதல் வாரம், எழுநூறு பேர் அளவுக்கு இந்திய மருத்துவ மாணவர்கள் அங்கே மாட்டிக்கொண்டார்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. கரண்டும் குழாய்த் தண்ணீரும் போனதும் விடுதி வாசலில் கிடந்த பனியைப் பாத்திரத்தில் வாரி உருக்கினார்கள். மார்ச் 8-ம் தேதிதான் பேருந்தில் வெளியே வர முடிந்தது. பனி உருக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு குண்டான் நிறைய அள்ளினால் அடியில் கொஞ்சூண்டு தண்ணீர்தான் மிஞ்சும்.

பெட்டி சுமப்பதற்குப் பதில் கையில் காசாகக் கொடுத்துவிட்டால் என்ன? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஈரோடு)

கொடுக்கிறார்களே. கடை திறந்திருக்கிற ஊரில் காசுதான் நல்லது, அவர்களுக்கு வேண்டியதை அவர்களே வாங்குவார்கள், ஒருத்தருக்கு மருந்து, ஒருத்தருக்குப் பேரனுக்கு பூட்ஸ். கடை இல்லாத ஊரில் காசு வெறும் தாள். எங்கள் கணக்கு ரொம்ப எளிது, அந்த ஊரில் ரொட்டி விற்கிற கடை திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் காசு, மூடியிருந்தால் பெட்டி.

இதில் அஞ்சல்காரர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். உக்ரைன் தபால் துறை வேனில் போய் முன்வரிசைக் கிராமங்களில் பென்ஷனைக் கையில் எண்ணிக் கொடுக்கிறது. வேன் வருகிற நாளில் ஊரே தெருமுனைக்கு வரும். எங்கள் பட்டியலில் யார் இருக்கிறார், யார் மகளோடு போய்விட்டார், யார் போன வாரம் இறந்தார் என்று எந்த அலுவலகத்துக்கும் தெரியாதது அந்தத் தபால்கார அம்மாவுக்குத் தெரியும்.

இவ்வளவு ஆபத்தில் அந்தக் கிழவர்கள் ஏன் ஊரை விட்டு வர மறுக்கிறார்கள்? பிடிவாதம்தானே? (வாசகி, நெய்வேலி)

கொஞ்சம் பிடிவாதம்தான். ஆனால் நெய்வேலியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த பெரியவர்கள் பக்கத்திலேயே இருப்பார்களே, அவர்களிடம் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

உக்ரைனில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் அறுபது தாண்டியவர். இளசுகள் போய்விட்டதால் சண்டைக்கு அருகில் இந்த விகிதம் இன்னும் கூடும். அவர்களிடம் ஒரு மாடு இருக்கும், ஒரு நாய், தோட்டத்துக்கு அடியில் உருளைக்கிழங்கும் ஜாடிகளும் அடுக்கிய நிலவறை, புருஷனுடைய கல்லறை. நகரத்துக்குப் போனால் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கட்டில், முகம் தெரியாத நாற்பது பேர், வாடகைக்குப் பென்ஷன் காணாது. "இங்கே எனக்கு நிலவறை இருக்கிறது, அங்கே எனக்கு என்ன இருக்கிறது?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

சாலையெல்லாம் பனியாக இருக்கும்போது வேன் எப்படிப் போகும்? (டிரைவர், நாமக்கல்)

அண்ணே, பனி பிரச்சினையே இல்லை, சேறுதான். இலையுதிர் காலத்து மழையிலும் மார்ச்சில் பனி உருகும்போதும் அந்தக் கறுப்பு மண் களி மாதிரி ஆகிவிடும், டாங்கியே மாட்டும், நம்ம வேன் எம்மாத்திரம். ஜனவரியில் நிலம் கல்லாக உறைந்துவிட்டால் டிரைவர்களுக்குக் கொண்டாட்டம், வயல்மேலேகூட ஓட்டலாம் (கண்ணிவெடி இல்லையென்று தெரிந்தால்). காலையில் டீசல் கெட்டியாகி வண்டி ஸ்டார்ட் ஆகாது, அதற்குக் குளிர்கால டீசல் தனியாக உண்டு. ராத்திரி வேனில் சாமானை விட்டால் தண்ணீர் பாட்டில் பாறையாகும், கண்ணாடி ஜாடி வெடிக்கும். அதனால் பெட்டியில் கண்ணாடியே போடமாட்டோம்.

நிவாரண வண்டியைச் சுடக் கூடாது என்று சட்டம் இல்லையா? (வழக்கறிஞர், மதுரை)

உங்களுக்கே தெரியும், இருக்கிறது. 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள், பட்டினியை ஆயுதமாகப் பயன்படுத்தக் கூடாது என்கிற 1977 கூடுதல் நெறிமுறையின் 54-ம் பிரிவு, 2018-ல் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 2417-ம் தீர்மானம். ஐ.நா. வண்டி வரிசை கிளம்புமுன் எந்தப் பாதை, எந்த நேரம், எந்த வண்டி என்று இரண்டு தரப்புக்கும் தகவல் போகும். தகவல் மட்டும்தான், உத்தரவாதம் ஒன்றும் கிடையாது.

2025 அக்டோபர் 14-ம் தேதி கெர்சோன் பகுதியில் பிலோசெர்கா என்ற ஊருக்கு நாலு லாரி போனது, ஐ.நா. அடையாளம் பளிச்சென்று போட்டிருந்தது. ட்ரோனும் பீரங்கியும் அடித்து, உலக உணவுத் திட்டத்தின் இரண்டு லாரி எரிந்துபோயின. ஆட்கள் தப்பித்தார்கள். நான் இருந்த காலத்தில் பயம் ஷெல்லுக்குத்தான், ஷெல் எங்கே விழும் என்று ஒரு மாதிரி கணக்குத் தெரியும். இப்போது ட்ரோன் துரத்துகிறது, ஓட்டுகிறவன் திரையில் உங்கள் வேனைப் பார்த்துக்கொண்டே வருகிறான். அதனால் சில சாலைகளுக்கு மேலே மீன்வலை கட்டி, பந்தல் போட்ட மாதிரி கிலோமீட்டர் கணக்கில் சுரங்கப்பாதை ஆக்கியிருக்கிறார்கள். டாஷ்போர்டில் ட்ரோன் கிட்டே வந்தால் கீச்சிடுகிற ஒரு சின்னப் பெட்டி வைக்கிறார்கள். அதில் ஒன்றின் பெயர் சுக்கோரோக், சர்க்கரைத் துண்டு என்று அர்த்தம். போர்முனைக்காரர்களின் நக்கல் இது.

உதவியை வாங்கிக்கொண்டு குறை சொல்கிறார்களாமே, நன்றி வேண்டாமா? (வாசகர், விருதுநகர்)

போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவுக்குப் போனால் ஓர் இறைச்சி டின்னுக்குச் சிலை இருப்பதைப் பாருங்கள். 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை முற்றுகையில் இருந்த நகரம், ஊருக்குள் இருந்த மரத்தையெல்லாம் விறகுக்கு வெட்டினார்கள். 1992 ஜூலையில் தொடங்கிய விமான உதவி மூன்றரை வருஷம் நடந்தது, பன்னிரண்டாயிரம் நடைக்கு மேல், ஒரு லட்சத்து அறுபதாயிரம் டன். 1992 செப்டம்பரில் போர்வை ஏற்றி வந்த இத்தாலிய விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தி, அதிலிருந்த நாலு பேரும் இறந்தார்கள். இவ்வளவுக்கும் அப்புறம், 2007-ல் நகரத்தில் எழுந்த நினைவுச் சின்னம் இகார் என்கிற இறைச்சி டின். வாயில் வைக்க முடியாத சரக்கு என்று சரயேவோக்காரர்கள் இன்றைக்கும் திட்டுவார்கள், வியட்நாம் போர்க்காலத்து பிஸ்கட்கூட வந்தது என்பார்கள். பீடத்தில் எழுதியிருப்பது, சர்வதேச சமூகத்துக்கு நன்றியுள்ள சரயேவோ மக்கள் என்று!

அது நன்றியா, கன்னத்தில் அறையா? எனக்கு இரண்டும் என்றுதான் படுகிறது. உயிர் பிழைக்க வைத்தது அந்த டின், முற்றுகையை நிறுத்தாமல் டின் மட்டும் போட்டுக்கொண்டிருந்ததும் அதே கை. சாப்பாடு கொடுத்தோம் என்பதால் அவர்கள் ருசி பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ரேஷன் அரிசியை நாம் குறை சொல்வதில்லையா என்ன?

பழைய காலத்துப் போர்க் குளிரில் என்ன செய்தார்கள்? (பள்ளி ஆசிரியை, பழனி)

ஒன்றே ஒன்று சொல்கிறேன், லெனின்கிராட், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை முற்றுகையிட்ட சோவியத் நகரம். 1941 நவம்பர் 20 முதல் வேலைக்குப் போகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி, அதிலும் மாவோடு மரக்கூழ் மாதிரி கண்டதும் கலந்தது. லடோகா ஏரி உறைந்ததும் அதன்மேலே பாதை போட்டார்கள். முதலில் குதிரை வண்டி, நவம்பர் 22-ல் லாரி. ஐஸ் உடைந்து வண்டியோடு முழுகினவர்கள் நிறைய, வெளியே குதிக்க வசதியாகக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே ஓட்டுவார்கள். டிசம்பர் 25-ல் ரேஷனைக் கொஞ்சம் கூட்ட முடிந்தது. உங்கள் வகுப்பில் 125 கிராம் ரொட்டியை எடை போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

நாங்கள் இங்கே பழைய ஸ்வெட்டர், அரிசி சேகரித்து அனுப்பலாமா? (மகளிர் குழு, திண்டுக்கல்)

வேண்டாம்மா. மனசு புரிகிறது, ஆனால் கோடைச் சட்டையும் ஒற்றைச் செருப்பும் வந்து எங்கள் கிடங்கில் குவிந்ததைப் பிரிக்க மூன்று நாள் போனது, அந்த மூன்று நாள் வேன் நின்றது. உள்ளூரில் கூட்டாளிகள் வைத்து வேலை செய்கிற அமைப்பாகப் பார்த்துக் காசு கொடுங்கள், காசு எடை இல்லாதது. நிதிக்கு ரசீதும் கணக்கும் கேளுங்கள். பெட்டி வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுத்துப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். வரிசையில் நின்ற ஓர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், கேமராவைப் பார்த்ததும் பெட்டி வாங்காமலே திரும்பிப் போனதைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் வீடு தேடிப் போய்க் கொடுத்தோம், கதவைத் திறக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

உங்களுக்கு அங்கே யாராவது ஏதாவது சாப்பிடக் கொடுத்தார்களா? (வாசகி, காரைக்குடி)

காரைக்குடிக்காரருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். வெறும் கையோடு விடமாட்டார்கள். உப்பு எடை பார்த்தாரே அந்தப் பாட்டி, இரண்டாம் வருஷம் போனபோது ஊறின தக்காளி ஒரு மூணு லிட்டர் ஜாடி கொடுத்தார், கண்ணாடி ஜாடி. வேண்டாம் என்றால் கோபம் வரும் என்று டிரைவர் கண் காட்டினார், வாங்கிக்கொண்டேன். ராத்திரி வேனிலேயே மறந்து விட்டுவிட்டோம். காலையில் ஜாடி இரண்டாகப் பிளந்து, உப்புத் தண்ணீர் உறைந்து, அடுத்த கிராமத்துப் பெயர்ப் பட்டியல் அதற்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டு பெயர். அடுப்போரம் வைத்து உருக்கி, ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயப்போட்டு, மசி பரவிப்போன இடத்தில் தபால்கார அம்மாவிடம் போனில் கேட்டு எழுதினோம். மத்தியானம்தான் வண்டி கிளம்பியது. தக்காளியை விட்டுவைக்கவில்லை, கண்ணாடிச் சில்லு பார்த்துப் பொறுக்கிவிட்டு டிரைவர் தின்றுவிட்டார்.